ஒசாஸுக்கு வைத்த தக்காளிக் குழம்பு

யாங்கோனில் அலோன் படகுத்துறைக்குப் பின்னால் இரண்டாவது சந்தில் ஒரு கால்பந்து அணியின் விடுதி இருந்தது. கீழே சமையலறையும் சாப்பாட்டுக் கூடமும், மேலே இரண்டு மாடிகளிலும் ஆட்டக்காரர்களின் அறைகள். இருபத்தாறு பேருக்கு மூன்று வேளையும் சமைத்துப்போட்டவள் தங்கமணி. அவளுக்கு வயது நாற்பத்தேழு. கணவர் மாரிச்சாமி துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். விடுதிக்கு வேலைக்கு வந்து ஒன்பது வருஷமாகியும், சமையலில் குறை என்று மேலாளர் அவளை ஒருநாளும் அறைக்குக் கூப்பிட்டதில்லை. ஒசாஸ் வந்த பிறகுதான் கூப்பிட்டார்.

ஒசாஸ் நைஜீரியாக்காரன், பெனின் என்ற ஊர். முன்வரிசையில் நின்று கோல் அடிப்பவன். யாங்கோனிலேயே வேறொரு அணிக்காக இரண்டு வருஷம் ஆடிவிட்டு இங்கே வந்திருந்தான். பர்மியம் நன்றாகவே பேசுவான். ஆனால் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் சோற்றை நாலு வாய் அள்ளிப் போட்டுவிட்டு எழுந்துவிடுவான். ஙாப்பி என்ற பர்மிய மீன் விழுதின் வாசனை வந்தால் அந்த நாலு வாயும் கிடையாது.

"பத்து வாரத்தில் மூன்று கிலோ இறங்கிவிட்டான்" என்றார் மேலாளர் ஊ சோ மின். "அவனை வெறும் காற்றைக் குடிக்கவா கூட்டி வந்தேன்? அவன் ஊர்ச் சாப்பாடு என்னவென்று கேட்டுச் செய்து போடுங்கள், டோ தங்கா."

"சரி, சயா" என்றாள் தங்கமணி. அங்கே ஐயாவுக்குச் சயா, அம்மாவுக்கு டோ, அவள் பெயரும் பர்மியர் வாயில் தங்கா என்று சுருங்கியிருந்தது. அவளுக்கு அவமானமாகத்தான் இருந்தது. இருபத்தைந்து பேர் தட்டை வழித்துச் சாப்பிடுகிற இடத்தில் ஒருவன் மிச்சம் வைத்தால் அது சமையல்காரியின் குறையாகிவிடுகிறது.

ஒசாஸ் கேட்டது தக்காளி ஸ்டூ. தக்காளி, பெரிய சிவப்புக் குடைமிளகாய், வெங்காயம், காரமான பச்சைமிளகாய் எல்லாவற்றையும் அரைத்து எண்ணெயில் வதக்கி, அதில் கோழியோ மாட்டிறைச்சியோ போட வேண்டும், சோற்றில் ஊற்றிச் சாப்பிட வேண்டும் என்றான். கறிமசால் தூளும் உண்டு என்றதும் தங்கமணிக்குத் தைரியம் வந்துவிட்டது. இது நம் தக்காளித் தொக்குக்குச் சொந்தக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு வீசை இன்லே ஏரித் தக்காளி வாங்கி அரைத்தாள், வெங்காயத்தை வதக்கினாள், அரைத்ததை ஊற்றினாள், கோழியைப் போட்டாள், அரை மணி நேரத்தில் இறக்கினாள்.

ஒசாஸ் ஒரு கரண்டி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு மரியாதைக்காக இன்னொரு கரண்டி சாப்பிட்டான்.

"வேகவில்லை, அன்ட்டி."

"அரை மணி நேரம் வெந்திருக்கிறதே. எலும்பே கழன்று வருகிறது, பார்."

"கோழி வெந்துவிட்டது. தக்காளி இன்னும் உயிரோடு இருக்கிறது. புளிக்கிறது."

அடுத்த சனிக்கிழமை மதியம் அவன் கைப்பேசியைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் உப்பு டப்பாவில் சாய்த்து வைத்தான். திரையில் அவனுடைய அம்மா. பெனினில் அப்போது காலை எட்டரை மணி. தலையில் துணி கட்டிய அகலமான பெண்மணி, பின்கட்டில் கரி அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். தங்கமணியின் அடுப்பும் கரி அடுப்புதான். நாலு மணி நேரம் மின்சாரம் வந்தால் எட்டு மணி நேரம் வராத ஊரில் மின்சார அடுப்பை நம்பி இருபத்தாறு பேருக்குச் சமைக்க முடியாது.

அம்மா பேசினாள். ஒசாஸ் பர்மியத்தில் சொன்னான். அரைத்ததை முதலில் எண்ணெய் இல்லாமல் தனியாகக் கொதிக்கவிட வேண்டும். தண்ணீர் முழுக்க வற்ற வேண்டும். பிறகு வேறு சட்டியில் எண்ணெய், வெங்காயம். வற்றிய விழுதை அதில் போட்டு வதக்க வேண்டும்.

"எவ்வளவு நேரம் என்று கேள்" என்றாள் தங்கமணி.

ஒசாஸ் கேட்டான். அம்மா சிரித்தாள்.

"கடிகாரம் பார்த்துச் சமைக்கிறவள் யார் என்று கேட்கிறாள். தக்காளி சண்டையை நிறுத்துகிற வரைக்கும் வதக்க வேண்டுமாம். எண்ணெய் மேலே வந்து நிற்குமாம்."

தங்கமணியும் சிரித்துவிட்டாள். எண்ணெய் பிரிந்து மேலே வருவதைப் பர்மாக்காரர்கள் சீப்பியான் என்பார்கள், எண்ணெய் திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம். அவள் வீட்டிலும் குழம்புக்கு அதுதான் கணக்கு. "இதைச் சொல்ல இவ்வளவு தூரம் போன் போட்டிருக்க வேண்டாம்" என்றாள். ஒசாஸ் அதையும் அம்மாவுக்குச் சொன்னான். அந்த அம்மாள் தன் அடுப்பை நோக்கிக் கையை நீட்டிக் காட்டி, தலையை ஆட்டி ஆமோதித்தாள்.

அன்று குழம்பு அடுப்பில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த அம்மாள் சொல்லச் சொல்ல ஊற்றியதில் ஒரு புட்டிக் கடலை எண்ணெய் தீர்ந்துபோனது. ஒசாஸ் மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டான். வாசனைக்குக் கீழே இறங்கி வந்தவர்கள் சட்டியை வழித்தார்கள்.

மறுநாளே கார்த்திகேசன் வந்துவிட்டான். அணியின் இயன்முறை மருத்துவன் அவன். முட்டி, கணுக்கால், தசைப்பிடிப்பு எல்லாம் அவன் பொறுப்பு. யாங்கோனின் பொட்டாதாங் பேட்டையில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். தமிழில் தொடங்கிப் பர்மியத்தில் முடிப்பது அவன் வழக்கம். தங்கமணிக்காகத் தமிழிலேயே பேசி முடிக்கப் பார்ப்பான்.

"அக்கா, குழம்புமேல ரெண்டு விரல் எண்ணெய் நிக்குது. வெளையாடுற பசங்க. இதச் சாப்பிட்டு எப்படி ஓடுவாங்க?"

"சாப்பிடலேன்னு ஒருத்தர் சொல்றாரு, சாப்பிட்டா நீங்க சொல்றீங்க."

"சாப்பிட வேணாங்கல. ரெண்டு மணி நேரம் எதுக்கு? அவ்வளவு நேரம் வெந்தா விட்டமின் சி எல்லாம் போயிரும்."

"அப்ப சட்டுன்னு எறக்கிரவா?"

கார்த்திகேசன் யோசித்தான். "சட்டுன்னும் எறக்கக் கூடாது. தக்காளிக்குச் செவப்பு குடுக்கற சத்து ஒண்ணு இருக்கு. அது வெந்தாத்தான் ஒடம்புல ஒட்டும். கொஞ்சம் எண்ணெயும் வேணும் அதுக்கு. விட்டமினுக்குக் கொய்யாப்பழம் குடுத்துக்கலாம்."

"அப்ப எவ்வளவு நேரம்னு நீங்களே சொல்லுங்க, தம்பி."

அவனுக்கும் தெரியவில்லை. அதனால் இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். ஓட்டத்துக்கு நேரம் குறிக்கிற கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவன் சமையலறை வாசலில் நிற்பான். நாற்பது நிமிஷத்தில் எடுத்ததை ஒசாஸ் முகத்தைச் சுளித்துத் திருப்பிக் கொடுத்தான். எண்ணெயைக் குறைத்து ஒன்றேமுக்கால் மணி நேரம் வைத்தது கறுத்துப்போய் அடியில் பிடித்து, நாக்கின் ஓரத்தில் கசந்தது. தக்காளியின் விதையைச் சலித்து எடுத்தால் கசப்பு குறைகிறது என்று தங்கமணி கண்டுபிடித்தாள். குறுகலான பானையை விட்டுவிட்டு அகலமான சட்டியில் மூடி போடாமல் கொதிக்கவிட்டால் தண்ணீர் வற்றுகிற நேரம் பாதியாகிறது என்பதும் அவள் கண்டதுதான். எண்ணெய் ஒரு புட்டியிலிருந்து ஒன்றரைக் கோப்பைக்கு இறங்கியது. மேலே வந்து நிற்பதிலும் கொஞ்சத்தைக் கரண்டியால் வழித்து எடுத்து மறுநாள் கீரை வதக்க வைத்துக்கொண்டாள்.

நாலாவது வாரம் கணக்கு சரியாக வந்து நின்றது. எண்ணெய் இல்லாமல் முப்பத்தைந்து நிமிஷம். எண்ணெயில் இருபத்தைந்து. வேகவைத்த இறைச்சியைப் போட்டு மூடி, சின்னத் தீயில் பத்து. புளிப்பு இல்லை, கசப்பு இல்லை. ஒசாஸ் தட்டைப் பார்த்து, "எண்ணெய் குறைவு" என்றான். ஆனாலும் சாப்பிட்டான்.

புதன்கிழமைதோறும் விடுதியில் அந்தக் குழம்பு என்றாகிவிட்டது. ஒசாஸ் உடம்பு தேறினான். ஒன்பது ஆட்டத்தில் ஏழு கோல் அடித்தான். பத்திரிகைக்காரன் ஒருவன் வந்து சட்டியைப் படம் பிடித்துக்கொண்டு போனான். ஊ சோ மின் அதை வெட்டித் தன் அறையில் ஒட்டிவைத்தார்.

தை பிறந்து கொஞ்ச நாளில் ஒசாஸ் மறுபடி மிச்சம் வைக்க ஆரம்பித்தான். முதலில் காலைச் சாப்பாட்டுக்கு வருவது நின்றது. பிறகு புதன்கிழமைக் குழம்பிலேயே பாதி தட்டில் கிடந்தது. ஒருநாள் அவன் மேசையில் குனிந்து வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டிருப்பதைத் தங்கமணி பார்த்தாள்.

"காரமா?" என்று கேட்டாள்.

"இல்லை, அன்ட்டி. பயிற்சியில் ஒருவன் இடித்துவிட்டான்."

அவள் நம்பினாள். இருந்தாலும் அடுத்த வாரம் மிளகாயைப் பாதியாக்கினாள்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலை பயிற்சி மைதானத்தில் அவன் கீழே விழுந்தான். கறுப்பாக வாந்தி எடுத்தான் என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்ததில் வயிற்றில் புண், அதிலிருந்து ரத்தம் கசிந்திருக்கிறது. அன்று மாலையே ஊ சோ மின் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தார். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கார்த்திகேசன் அவருக்குப் பக்கத்தில் நின்றான்.

"மிளகாயும் எண்ணெயும் மணிக்கணக்கில் போட்டு வதக்கி வதக்கி ஒரு நல்ல ஆட்டக்காரன் வயிற்றைப் புண்ணாக்கியாகிவிட்டது" என்றார். "இனிமேல் அந்தக் குழம்பு இந்த வீட்டில் வேண்டாம். மாதக் கடைசி வரை பார்க்கிறேன், டோ தங்கா. வேறு ஆள் கிடைத்தால் சொல்கிறேன்."

தங்கமணி கையில் பருப்புச் சட்டி இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். ஆட்டக்காரர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கார்த்திகேசன் ஒன்றும் சொல்லவில்லை. அன்று வீட்டுக்கு நடந்து போகையில் அவளுக்கு ஒரே யோசனை. மிளகாயைக் குறைத்த பிறகும் அப்படியா? முப்பத்தைந்து, இருபத்தைந்து, பத்து. இதில் எந்த இடத்தில் தப்புப் பண்ணினேன்? மாரிச்சாமி கேட்டதற்கு, "என் சாப்பாட்டால ஒரு புள்ள ஆஸ்பத்திரியில கெடக்குது" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அரிசிக் கஞ்சி காய்ச்சினாள். இஞ்சிகூடப் போடவில்லை. அதைத் தூக்குப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தபோது கார்த்திகேசன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான். ஒசாஸின் அறையிலிருந்து மாற்றுத்துணி எடுத்து வரச் சொன்னான். பிறகு ஒசாஸே போனை வாங்கிப் பேசினான். குரல் கம்மியிருந்தது.

"கட்டிலுக்குக் கீழே ஒரு நீலப் பை இருக்கும், அன்ட்டி. சின்னது. அதையும் கொண்டு வாருங்கள். திறக்க வேண்டாம்."

பையின் ஜிப் பிய்ந்துபோயிருந்தது. அவள் தூக்கியபோதே வாய் திறந்துகொண்டது. உள்ளே மாத்திரை அட்டைகள். பாதிக்கு மேல் காலி. எண்ணவில்லை, இருபதுக்குக் குறையாது. முட்டியில் போடுகிற இறுக்க உறை ஒன்றும் வலிக்குத் தேய்க்கிற களிம்பும் இருந்தன. அந்த மாத்திரை அவளுக்குத் தெரிந்ததுதான். கிரேனில் ஏறி இறங்கி இடுப்பு வலித்தபோது மாரிச்சாமி வாங்கிப் போட்டிருக்கிறார். சாப்பிடாமல் போடாதீர்கள், வயிற்றைத் தின்றுவிடும் என்று மருந்துக் கடைக்காரி ஒவ்வொரு தடவையும் சொல்லியனுப்புவாள்.

ஒசாஸ் காலைச் சாப்பாட்டுக்கு வராமல் போன நாட்கள் அவள் நினைவுக்கு வந்தன.

ஆஸ்பத்திரியில் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவள் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தாள். அவன் கை பைக்காக நீண்டது. அவள் அதைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நாளாக?" என்று கேட்டாள்.

அவன் ஒரு வாய்க் கஞ்சி குடித்தான்.

"இரண்டு மாதம். முதலில் ஆட்டத்தன்று மட்டும். அப்புறம் தினமும் மூன்று, நாலு. முட்டி போய்விட்டது, அன்ட்டி. உள்ளே ஏதோ கிழிந்திருக்கிறது. எனக்கே தெரிகிறது."

"டாக்டர் என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்கவில்லையா?"

"கேட்டார். மேலாளர் பக்கத்தில் நின்றார். ஒன்றும் இல்லை என்றேன்."

"இப்போது எதற்கு இந்தப் பை?"

"வலிக்கிறது. இரவெல்லாம் தூங்கவில்லை."

தங்கமணிக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் கண்ணைப் பார்த்ததும் குரல் உயரவில்லை. "குழம்புதான் காரணம் என்று நேற்று என்னை எல்லோர் முன்னாலும் பேசினார்கள். உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இப்போது தெரிந்துவிட்டது."

"அன்ட்டி, முப்பது வயதில் முட்டி போனவனை எந்த அணியும் எடுக்காது. இந்த சீசனை முடித்துவிட்டால் போதும். யாரிடமும் சொல்லாதீர்கள். காரணம் உங்கள் குழம்பு இல்லை என்று மட்டும் நான் சொல்லிவிடுகிறேன்."

"பை உன் கைக்கு வராது" என்றாள் அவள். கஞ்சி முழுவதும் குடிக்கும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வெளியே வந்தாள்.

நடைவழி நாற்காலியில் கார்த்திகேசன் இருந்தான். அவள் பையைத் திறந்து காட்டினாள். அவன் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

"முட்டி எனக்குத் தெரியும், அக்கா. மாத்திரை தெரியாது. சத்தியமா."

"முட்டி தெரியுமா?"

"வீங்கியிருந்துச்சு. படம் எடுக்கலாம்னு சொன்னேன். சீசன் முடியட்டும்னான். டீம் ஜெயிச்சுக்கிட்டு இருந்துச்சு. நானும் விட்டுட்டேன்."

"சயா என் கொழம்பச் சொன்னப்போ நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"நின்னேன்."

"இருபத்தாறு பேரு சாப்பிடுற சட்டியில ஒருத்தனுக்கு மட்டும் எப்படிப் புண்ணு வரும்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல? கடிகாரத்த மாட்டிக்கிட்டு வாசல்ல நின்ன ஆளு நீங்க."

அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் காலை தேநீர் குடிக்கும்போது மாரிச்சாமியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொன்னால் அவன் பிழைப்புப் போகும், சொல்லாவிட்டால் தன் பிழைப்புப் போகும் என்றாள். அவர் பையைப் புரட்டிப் பார்த்தார்.

"பையை நீ வச்சுக்கிட்டா ஆச்சா? ஆஸ்பத்திரி வாசல்லயே மருந்துக் கட இருக்கு. நர்ஸ் அந்தப் பக்கம் போனா, வர்றவன்கிட்ட காசு குடுத்து வாங்கிப் போட்டுக்குவான். அதுக்குமேல ரத்தம் கசிஞ்சா?"

அவளுக்கு அது தோன்றவேயில்லை. பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்தாள்.

எட்டு மணிக்கு ஒசாஸின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"பத்து மணிக்கு டாக்டர் வருவார்" என்றாள். "மேலாளரிடம் சொல்வதும் சொல்லாததும் உன் பாடு. நான் அங்கே போகமாட்டேன். டாக்டரிடம் இன்றைக்கே சொல்லியாக வேண்டும். நீ சொல்லாவிட்டால் நான் இந்தப் பையை அவர் மேசையில் கொட்டுவேன்."

"என் அம்மாவாக இருந்தால் இப்படிச் செய்யமாட்டாள்" என்றான் ஒசாஸ்.

"உன் அம்மா பார்த்திருந்தால் பத்து மணி வரைக்கும் பொறுத்திருக்கமாட்டாள்."

அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான். டாக்டர் வந்தபோது அவள் போகாமல் கட்டில் காலருகே நின்றாள். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், தாளில் எழுதினார், அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார். அப்போதுதான் ஒசாஸ் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தான். தங்கமணிக்கு முழுக்கப் புரியவில்லை. மாத்திரையின் பெயர் காதில் விழுந்தது. டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார், முட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். ஒசாஸ் போர்வையை விலக்கினான். இடது முட்டி சின்னத் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

மேலாளரிடமிருந்து அதை மறைத்திருக்க முடியாது. ஆஸ்பத்திரிச் செலவு அணியுடையது, காகிதம் எல்லாம் அங்கேதான் போகும். ஆனால் அதற்கு முன்பே, அன்று மதியமே, கார்த்திகேசன் ஊ சோ மின்னிடம் போய்த் தனக்கு முட்டி தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். மேலாளர் அறையிலிருந்து வந்த சத்தம் சமையலறை வரை கேட்டது. கார்த்திகேசனுக்கு ஒரு மாதம் பணியிடை நீக்கம். ஒசாஸின் பெயர் அணிப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. ஒப்பந்தம் முடிகிற வரை விடுதியில் தங்கிக்கொள்ளலாம், அடுத்த வருஷத்துக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

தங்கமணியை மேலாளர் ஒரு வாரம் கழித்துத்தான் பார்த்தார். அறை வாசலில் நின்றபடியே, "புதன்கிழமைக்குத் தக்காளி வாங்க வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்.

"எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள், சயா" என்றாள் அவள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று மதியச் சாப்பாட்டின்போது கூடத்துக்கு வந்து, ஒசாஸுக்கு நோய் வந்தது மாத்திரையால், சமையலால் இல்லை என்று அறிவிப்பு வாசிப்பதுபோலச் சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. அது போதும் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

ஒசாஸ்தான் பேசவில்லை. விடுதிக்குத் திரும்பிய பிறகு கீழே இறங்கி வரமாட்டான். கூட்டாளி ஒருவன் தட்டை மேலே கொண்டுபோவான். காரமில்லாமல், தக்காளி இல்லாமல் அவனுக்கென்று தனியாகச் செய்தாள். கஞ்சி, ஆவியில் வைத்த மீன், பூசணிக்காய், கோழிச் சாறு. தட்டு காலியாகத் திரும்பி வரும், ஆனால் ஒரு வார்த்தையும் அதோடு வராது. ஐந்து வாரம் அப்படிப் போயிற்று. தினமும் அந்தத் தட்டைக் கழுவும்போது அவளுக்கு மனசு கனக்கும். செய்தது சரிதான் என்று தெரிந்தும் கனம் குறையவில்லை.

ஆறு வாரம் முடிந்து மறு பரிசோதனைக்குப் போய் வந்த அன்று அவன் ஊன்றுகோலோடு சமையலறைக்குள் வந்தான். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் முன்னால் இருந்த வெங்காயக் கூடையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான்.

"புண் ஆறிவிட்டதாம்" என்றான். "தக்காளி கொஞ்சம் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்றார். காரம் இன்னும் கூடாது."

"கத்தி அந்தப் பக்கம் இருக்கிறது" என்றாள் தங்கமணி.

இரண்டு தக்காளிதான் போட்டாள். மற்றதெல்லாம் சிவப்புக் குடைமிளகாய். பச்சைமிளகாய் கிடையாது. கசப்பு ஏறாமல் விதை எடுத்தாள். கார்த்திகேசன் வேலைக்குத் திரும்பியிருந்தான், வாசலில் தயங்கி நின்றான். தங்கமணி அவனைப் பார்த்து, "நிக்கிறதுன்னா கடிகாரத்தோட நில்லுங்க" என்றாள். தண்ணீர் வற்ற முப்பது நிமிஷம் போதுமானதாக இருந்தது, கொஞ்சம் குழம்புதானே. எண்ணெயில் இருபது நிமிஷம் ஆனதும் கார்த்திகேசன் போதும் என்றான், ஒசாஸ் இன்னும் கொஞ்சம் என்றான். அவள் கரண்டியின் நுனியில் தொட்டுப் பார்த்தாள். புளிப்பு ஒரு துளி மிச்சம் இருந்தது. ஆறின புண்ணுக்கு அந்தத் துளியும் வேண்டாம் என்று நினைத்து இன்னும் பத்து நிமிஷம் விட்டாள். எண்ணெய் ஓரத்தில் மெல்லிசாக வளையம் கட்டி நின்றதும் வெந்த கோழியைப் போட்டு மூடி, பத்து நிமிஷத்தில் இறக்கினாள்.

அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அம்மாவின் அழைப்பு வந்தது. திரையில் தட்டைப் பார்த்த அம்மா ஏதோ கேட்டாள். அவன் தட்டைத் திரையிலிருந்து தள்ளி வைத்தான். ஆறு வாரமாக அம்மாவிடம் அவன் எதையும் சொல்லவில்லை என்பது தங்கமணிக்கு அப்போதுதான் புரிந்தது.

"என்ன கேட்கிறாள்?"

"ஏன் காரமில்லை, ஏன் இவ்வளவு வெளுத்திருக்கிறது என்று."

"சொல்லு" என்றாள் தங்கமணி.

அவன் சொன்னான். நீளமாகச் சொன்னான். முட்டியைத் திரையில் காட்டினான். அம்மா தலைத்துணியின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சத்தமில்லை. அப்புறம் மகனைத் தாண்டி அவனுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்துப் பேசினாள்.

"பையை யார் எடுத்தது என்று கேட்டாள். நீங்கள் என்றேன்" என்றான் ஒசாஸ். "கடவுள் உங்கள் கையை நன்றாக வைக்கட்டும் என்கிறாள். குழம்பை எவ்வளவு நேரம் வைத்தீர்கள் என்றும் கேட்கிறாள்."

"கடிகாரம் பார்க்காதவளுக்கு எதற்கு நேரம்?" என்று சொன்னவள், பிறகு விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "ஒரு மணி நேரம் என்று சொல். கோழியோடு சேர்த்து ஒன்று பத்து."

அன்று ஒசாஸுக்கு வயிறு எரியவில்லை. மறுநாளும் எரியவில்லை. மூன்றாம் நாள் காலை அவன் மற்றவர்களோடு கீழே வந்து சாப்பிட உட்கார்ந்தான்.

திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரத்தில் அவன் ஊருக்குப் புறப்பட்டான். விமானம் மதியம். காலையில் சமையலறைக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றான். அவள் ஒரு டப்பாவில் மீன் தொக்கு வைத்துக் கொடுத்தாள். அவன் ஙாப்பி இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தான். இல்லை என்றாள். கார்த்திகேசன் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான்.

மழைக்காலத்தின் நடுவில் ஒசாஸிடமிருந்து கார்த்திகேசனுக்குக் குரல் செய்தி வந்தது. முட்டியில் அறுவை முடிந்துவிட்டது, நடக்கிறான், ஓடக் கூடாது என்கிறார்கள். ஊரில் ஒரு பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுக்கக் கேட்டிருக்கிறார்களாம், போகலாமா என்று யோசிக்கிறானாம். கார்த்திகேசன் போனை அவள் காதருகே பிடித்துக் கேட்கவைத்தான். பதில் ஏதாவது சொல்லணுமா அக்கா என்று கேட்டான்.

"போகச் சொல்லுங்க" என்றாள் தங்கமணி. "அம்மாவக் கேட்டதாவும் சொல்லுங்க."

அன்று புதன்கிழமை. மின்சாரம் போயிருந்தது. அவள் கரியை விசிறிவிட்டு, வற்றிக்கொண்டிருந்த சட்டியைக் கிளறப் போனாள்.